பென்சில் கோட்டுக்குக் கீழே

நெடும்பூண்டியில் இது நடந்ததென்று நிரூபிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. நடக்கவில்லை என்கிறவர்தான் சாட்சி கொண்டுவர வேண்டும், இதுவரை யாரும் கொண்டுவரவில்லை.

அந்த ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில், அமெரிக்கா பற்றிய பாடத்தில், ‘இவ்வாறாக அடிமை முறை ஒழிக்கப்பட்டது’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு அடியில் பிள்ளைகள் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை அந்த வரியோடு முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே இருக்கும் மூன்று பத்திகள் பரீட்சைக்கு வராது, அதனால் கோடு. புத்தகம் வருடா வருடம் புதிதாக வரும், கோடு மட்டும் பழையது. பூங்காவனம் டீச்சர் அதே பள்ளியில் அதே வகுப்பில் படித்தபோது, அப்போது வாத்தியாராக இருந்து இப்போது தலைமை ஆசிரியராகிவிட்ட தணிகாசலம் சார் சொல்லி அவளும் அந்தக் கோட்டைப் போட்டாள். பிறகு அங்கேயே ஆசிரியையாக வந்து, பதினோரு வருடமாகப் பிள்ளைகளைப் போடச் சொன்னாள், கோணலாகப் போகக்கூடாது, ஸ்கேல் வைத்துப் போடுங்கள் என்றும் சொன்னாள்.

பன்னிரண்டாவது வருடம், எல்லாரும் ஸ்கேலை எடுத்த நேரத்தில், இளவேணி என்கிற பெண் எழுந்து நின்றாள்.

“டீச்சர், விட்டுட்டாங்க சரி. அன்னிக்கி சாயங்காலம் அவங்கல்லாம் எங்க போனாங்க?”

வகுப்பு சிரித்தது. “பஸ் புடிச்சிப் போயிருப்பாங்க” என்றான் ஒருவன்.

“இல்ல டீச்சர்” என்றாள் இளவேணி, முகம் சிவக்காமல், கணக்குக் கேட்கிற மாதிரி. “செங்கல் சூளையிலேர்ந்து எங்கள ஆபீசருங்க வந்து விடுவிச்சாங்க இல்ல, அன்னிக்கி சாயங்காலம் எங்களுக்குப் போறதுக்கு எடமே இல்ல. ரோட்டோரம் குந்தினு இருந்தோம். அதான் கேட்டேன்.”

சிரிப்பு நின்றது. பூங்காவனத்துக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. விடை கோட்டுக்குக் கீழே இருக்கக்கூடும் என்று தோன்றியது. ஸ்கேலைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தின் சுவர்கள் அதுவரை கேட்டிராத முதல் பத்தியை உரக்க வாசித்தாள்: ‘விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் கல்வியை நாடிச் சென்றனர். முதியோரும் சிறாரும் ஒரே வகுப்பில் அமர்ந்து எழுத்தறிவு பெற்றனர். பலர் தங்களிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட உறவினரைத் தேடி அலைந்தனர்.’

வாசித்து முடிக்கும்போது வராந்தாவில் நிறையக் கால்களின் சத்தம் கேட்டது. நெடுந்தூரம் நடந்து வந்தவர்களின் கால் சத்தம், ஒரு கால் ஊன்றியும் ஒரு கால் இழுத்தும் வருகிற சத்தம். வந்தவர்கள் முப்பத்தொரு பேர், இடுப்பிலிருந்த கைக்குழந்தையைச் சேர்த்தால் முப்பத்திரண்டு. கறுப்பு மனிதர்கள், கையில் மூட்டை, செருப்பு வைத்திருந்தவர்கள் அதையும் தேயக்கூடாதென்று கையில் பிடித்திருந்தார்கள். வாசலில் நின்று, வயதில் மூத்தவராகத் தெரிந்தவர் சொன்னார்: “வணக்கம். நாங்கள் கல்வி கற்க வந்துள்ளோம். எங்களுக்கு இடம் உள்ளதா?”

புத்தகத்திலிருந்து வந்தவர்கள் ஆகையால் அவர்கள் புத்தகத் தமிழ்தான் பேசினார்கள். அதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வேறு எந்தத் தமிழை அவர்கள் கற்றிருக்க முடியும்?

“பின்னாடி உக்காருங்க” என்றாள் பூங்காவனம். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

தலைமை ஆசிரியர் வந்து பார்த்தார். “டி.சி. இருக்கா?” என்று கேட்டார்.

“எங்களை விற்றதற்கான சீட்டுகள் மட்டுமே உள்ளன, ஐயா” என்றார் மூத்தவர். அவர் பெயர் ஐசக்.

“அது செல்லாது” என்று தணிகாசலம் சார் வருத்தத்தோடு சொன்னார். வருகைப் பதிவில் சேர்க்க முடியாது, உட்கார்ந்து கேட்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னார். சத்துணவு ஆயா அன்றைக்கு உலையில் இரண்டு படி அரிசி கூடப் போட்டாள். முட்டை எண்ணித்தான் வரும் என்பதால், வெந்த முட்டைகளை நூலால் சரிபாதியாக அறுத்து எல்லாருக்கும் ஒரு பாதி வைத்தாள்.

சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. வந்தவர்கள் எங்கே தங்குவது என்பது கேள்வி. பஞ்சாயத்துத் தலைவர் ஏகாம்பரம் முதலில் உற்சாகமாகத்தான் இருந்தார். “அமெரிக்காக்காரங்கய்யா. கல்யாண மண்டபத்துல தங்க வைப்போம், பேப்பர்ல போட்டோ வரும்.”

“அங்க இன்னா வேல பாத்தாங்கன்னு கேளுங்க மொதல்ல” என்றது ஒரு குரல்.

“பருத்தி வயலில் உழைத்தோம்” என்றார் ஐசக்.

“சொந்த வயலா?”

“வயலும் எங்களுடையதன்று. நாங்களும் எங்களுடையவர்கள் அல்லோம்.”

பிறகு ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மண்டபத்தில் முகூர்த்தம் புக் ஆகியிருக்கிறது என்றார். ஆடி மாதத்தில் ஏது முகூர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்தது. தார்ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர்த்தெரு, அந்தப் பக்கம் காலனி. காலனியின் வார்டு உறுப்பினர் செவ்வந்தி, கூட்டத்தின் ஓரத்தில் வழக்கம்போல் நின்றிருந்தவள், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“வாங்க, ரோட்டத் தாண்டினா ஊடுதான். பாத்து, மணல் லாரி வரும்.”

அவர்கள் மூட்டைகளோடு தார்ரோட்டைத் தாண்டினார்கள். காலனியில் வீட்டுக்கு ஒருவர், பெரிய வீட்டுக்கு இருவர் என்று பிரித்துக்கொண்டார்கள், சண்டைகூட வந்தது, எங்களுக்கு ஏன் கம்மி என்று. கெசியா என்கிற நடுவயதுக்காரி செவ்வந்தி வீட்டுக்கு வந்தாள். பூங்காவனத்தின் வீடு அதற்கு எதிர்வீடு.

கெசியா முதல் வாரம் “எனக்குச் சிறிதளவு நீர் தேவை” என்று கேட்டாள். ஆடி முடிவதற்குள் “ஏ செவ்வந்தி, தண்ணி மோந்தா” என்றாள். அவளுக்கு ஒன்றே ஒன்றை மட்டும் செவ்வந்தி கண்டிப்பாகத் திருத்த வேண்டியிருந்தது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது கெசியா வாசலில் நின்று, “நான் செல்கிறேன்” என்பாள்.

“அய்ய, வாசல்ல நின்னு போறேன்னு சொல்லாத. வரேன்னு சொல்லணும்.”

“செல்லும்போது வருகிறேன் என்று எவ்வாறு சொல்வது?”

“அப்பத்தான் திரும்பி வருவ.”

கெசியா அதை நெடுநேரம் யோசித்தாள். தன் மகளை விலைக்கு வாங்கியவர்கள் வண்டியில் ஏற்றியபோது மகளும் சொல்லவில்லை, தானும் சொல்லவில்லை என்றாள். அன்றிலிருந்து அவள் தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போதுகூட வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தச் சுவருக்குப் போனது. பெரிய எழுத்தில், மெதுவாக, எழுதினாள்: ‘என் மகள் பேஷன்ஸ். ஆறு வயதில் விற்கப்பட்டாள். இடது புருவத்தில் தழும்பு. கண்டவர்கள் சொல்லவும். அம்மா கெசியா.’

மறுநாள் அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து இருந்தது: ‘என் மகன் சேட்டு. திருப்பூர் போனான். போன் எடுக்கவில்லை.’ அடுத்த நாள் சூளைக்குப் போய்த் திரும்பாத ஒரு தங்கை, அதற்கடுத்து கேரளாவுக்கு ரோடு போடப் போன ஒரு புருஷன். ஒரு மதியம், தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஊர்த்தெருவிலிருந்து ஒருத்தி முக்காடு போட்டுக்கொண்டு வந்து, ஒரு பெண்ணின் பெயரை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பிப் போனாள். யார் மகள், யாரோடு போனாள், பிறகு என்ன ஆனாள் என்று எழுதவில்லை. எழுதாமலே ஊருக்கு அது தெரியும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அந்தச் சுவரை வாசித்தார்கள். யாரும் அதன்மேல் சினிமா போஸ்டர் ஒட்டவில்லை.

பூங்காவனம் இரண்டாவது பத்தியை வாசித்தது ஆவணியில். ‘கறுப்பின ஆண்கள் வாக்குரிமை பெற்றனர். அவர்களில் சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சட்டமன்றங்களில் அமர்ந்தனர்.’ அந்த வரி முடிந்ததும் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் தரையில் இருந்தவர்கள் எழுந்தார்கள், பெஞ்சுகளில் பிள்ளைகளை நெருங்கி உட்காரச் சொல்லி, அவர்களுக்கிடையில் உட்கார்ந்தார்கள். ஐசக் மட்டும் உட்காராமல் வெளியே நடந்தார். பஞ்சாயத்து அலுவலகத்தில் அன்று கூட்டம். செவ்வந்தி மூன்று வருடமாக நிற்கிற இடத்தில், கதவோரமாக, நின்றிருந்தாள். ஐசக் உள்ளே போய், அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உன்ன யாருய்யா குந்தச் சொன்னது?” என்றார் ஏகாம்பரம்.

“பாடம்” என்றார் ஐசக்.

செவ்வந்தி அவரையும் பார்த்தாள், நாற்காலி அடுக்கையும் பார்த்தாள். பிறகு இன்னொன்றை உருவினாள். அது அடியிலிருந்து பிரிய மறுத்தது, காலால் மிதித்து இழுத்தாள், போட்டாள், உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒரு தீர்மானமும் நிறைவேறவில்லை. செவ்வந்தி எழுந்திருக்கவும் இல்லை.

அதன் பிறகுதான் பூங்காவனம் மூன்றாவது பத்தியை, வீட்டில், வாய்விடாமல், தனியாகப் படித்துப் பார்த்தாள். ஐந்தே வாக்கியங்கள். படித்து முடித்துப் புத்தகத்தை மூடி அதன்மேல் அரிசிமுறத்தை வைத்தாள், பறந்துவிடும் என்பதுபோல. முதல் பத்தி வாசித்தபோது அவர்கள் வந்தார்கள். இரண்டாவது வாசித்தபோது உட்கார்ந்தார்கள். மூன்றாவதை வாசித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டில் கெசியா செவ்வந்தியின் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது சன்னல் வழியாகத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவள் புவியியல் நடத்தினாள். பாறைகளின் வகைகளை நடத்தினாள், முடிந்ததும் திரும்பவும் நடத்தினாள்.

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. இத்தனை காலம் கோட்டுக்குக் கீழே போகாதே என்று சொன்ன பள்ளிக்கூடம், பாடத்தை ஏன் முடிக்கவில்லை என்று கேட்டது. தணிகாசலம் சார் அவளைக் கூப்பிட்டார். அறையில் ஏகாம்பரமும் இருந்தார், கையில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம், பக்கத்தில் விரலை வைத்திருந்தார். மூன்றாவது பத்தியை அவரும் படித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

“காலாண்டு வருதும்மா. போர்ஷன் முடிக்க வேணாமா?” என்றார் ஏகாம்பரம், மிகவும் மரியாதையாக.

“அது பரீட்சைக்கு வராதுங்க.”

“வந்தா என்ன, வராட்டி என்ன? வரலாறுன்னா முழுசாத்தான் தெரிஞ்சிக்கணும். பாதியில விட்டா புள்ளைங்க என்னா நெனைக்கும்? கடைசி வரைக்கும் நாற்காலியிலயே குந்தினு இருந்தாங்கன்னு நெனைக்கும்.”

தணிகாசலம் சார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு பீரியடுதாம்மா ஆகும்” என்றார்.

“நான் வாசிக்க மாட்டேன் சார்.”

“மெமோ குடுக்க வெச்சிடாத, பூங்காவனம். நீ என் ஸ்டூடன்ட்டு.”

“அதனாலதான் சார் இத்தன வருசம் வாசிக்கல” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கெசியா வந்து எதிரில் உட்கார்ந்து, ஒரு கொத்தைத் தானும் எடுத்துக்கொண்டாள்.

“பூங்கா, நீ நிறுத்திட்டா எனக்குத் தெரியாதா? என்னெ எழுத்துக் கூட்ட வெச்சது யாரு? நானே படிச்சிட்டேன்.”

பூங்காவனம் கீரையை ஆய்வதை விட்டாள். “எப்ப?”

“நாலு நாளாவுது. இளவேணி புக்கு. ஐசக் தாத்தாவுக்கும் படிச்சிக் காட்டுனேன்.”

“அப்ப உனக்குத் தெரியும் இல்ல. நான் ஏன் வாசிக்கணும்? இங்கயே இருங்க. செவ்வந்தி ஊட்ல இரு. இன்னா கொறச்சல் உனக்கு? யாரு உன்னெப் போவச் சொன்னது, அந்த ஏகாம்பரமா? அவன் சொன்னா…”

“அவன் கெடக்கறான்” என்றாள் கெசியா. “எம் பொண்ணு இங்க இல்ல பூங்கா. சுவத்துல எழுதி எத்தினி நாளாவுது, ஒருத்தரும் வந்து சொல்லல. எப்பிடிச் சொல்வாங்க? அவ இந்த ஊர்ல இல்ல, அந்தப் பத்தியில இருக்கா. அந்த நெருப்புக்கு நடுவுல எங்கியோ இருக்கா. நான் இங்க முட்டைய நூல் போட்டு அறுத்துத் தின்னுகினு இருக்கறேன்.”

பூங்காவனம் இன்னொரு கொத்தை எடுத்து மறுபடி ஆயத் தொடங்கினாள்.

“அப்பறம் இன்னொண்ணு. அதெல்லாம் எங்களுக்கு நடந்தப்ப கேக்கறதுக்கு ஒரு ஆளு இல்ல. இப்ப உன் கிளாசுல நாப்பது புள்ளைங்க இருக்குது. கேக்கட்டும். ஆனா நீ அவசரமா வாசிக்காத. பரீட்சைக்கு வாசிக்கற மாதிரி வாசிக்காத. நாங்க நடந்து போவணும் இல்ல, அந்த வேகத்துக்கு வாசி.”

கீரை முழுவதையும் ஆய்ந்து கொடுத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலையில் காலனி வேலைக்குப் போகவில்லை. கரும்பு வெட்டப் போகிறவர்களும் நூறுநாள் வேலைக்காரர்களும் குளித்துவிட்டு வந்து வகுப்பு சன்னல்களுக்கு வெளியே நின்றார்கள். ஊர்த்தெருவிலிருந்தும் சிலர் வந்து கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றார்கள். முப்பத்தொரு பேரும் பெஞ்சுகளில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள், மூட்டைகள் மடியில். பூங்காவனம் புத்தகத்தைத் திறந்தாள்.

“கொடுக்கப்பட்ட நிலங்கள் திரும்பப் பெறப்பட்டன.”

“நம்ம ஏரிக்கர நிலம் மாதிரி” என்றது சன்னலுக்கு வெளியே ஒரு குரல், யாரிடமும் சொல்லாமல். முன்வரிசையில் எட்டுப் பேர் எழுந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவில் இறங்கினார்கள், அந்த வராந்தா எங்கே போய் முடிந்ததோ அங்கே போனார்கள்.

“முகமூடி அணிந்த கும்பல்கள் பள்ளிகளையும் வீடுகளையும் எரித்தன.”

புகை நாற்றம் வந்தது. சத்துணவு ஆயா அடுப்பைப் பார்க்க ஓடினாள், அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. கைக்குழந்தைக்காரி குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு எழுந்தாள், அவளோடு பத்துப் பேர்.

“பலர் கொல்லப்பட்டனர்.”

“எத்தினி பேரு டீச்சர்?” என்றாள் இளவேணி.

“புக்குல போடல.”

“அவங்க பேரு?”

“அதுவும் போடல.”

இளவேணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐசக் எழுந்தார். “ஐசக்” என்றார். “எழுதிக்க புள்ள.” அவள் கோட்டுக்குக் கீழே, ஓரத்தில் இருந்த வெள்ளையிடத்தில் எழுதினாள். அவர் போனார். அடுத்தவரும் பெயரைச் சொன்னார், பக்கத்துப் பையன் எழுதினான். எழுந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சொல்லிப் போனார்கள், நாற்பது பென்சில்களின் சத்தம் கேட்டது, பூங்காவனம் அடுத்த வாக்கியத்துக்குப் போகாமல் கடைசிப் பெயர் எழுதி முடியும்வரை காத்திருந்தாள்.

“கூட்டாட்சி அரசு அவர்களுக்குக் காவலாக நிறுத்தியிருந்த தன் படைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது.”

அப்போது கெசியா ஒருத்திதான் மிச்சம். பூங்காவனம் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கவில்லை. கெசியா எழுந்து மேசைக்கு வந்து, அவள் கையிலிருந்த புத்தகத்தைத் தன் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, கடைசி வாக்கியத்தைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்தாள்: “மறு…சீரமைப்புக் காலம்… முடிவுற்றது.” வாசித்துவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள், அது செவ்வந்தியின் புடவை.

வாசலில் நின்று திரும்பினாள். “வரேன் பூங்கா.” சன்னல் பக்கம் பார்த்து, “செவ்வந்தி, வரேன்.”

“வா” என்றாள் செவ்வந்தி.

அன்றைக்குச் சத்துணவில் முட்டைகள் முழுசாக இருந்தன. பிள்ளைகள் யாரும் சாப்பிடவில்லை.

ஏகாம்பரம் அடுத்த கூட்டத்துக்கு நாற்காலிகளைப் பூட்டி வைத்திருந்தார். செவ்வந்தி வீட்டிலிருந்து ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள், இன்றுவரை அப்படித்தான் போகிறாள். மழையில் பஸ் நிறுத்தச் சுவரின் எழுத்துகள் கரைந்தபோது, இளவேணி நீலப் பெயின்ட் வாங்கி வந்து, கெசியாவின் வரிகளின் மேலேயே, அந்தக் கோணல்களோடு, திரும்ப எழுதினாள்.

அடுத்த வருடம் புதுப் புத்தகங்கள் வந்தன. புது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்கேலை எடுத்தார்கள், யாரும் சொல்லாமலே, அண்ணன் அக்காக்கள் போட்டதைப் பார்த்து. “கோடு வேணாம்” என்றாள் பூங்காவனம். எழுந்து நின்று, முதல் பத்தியை வாசித்தாள். வாசிக்கும்போது எதையும் எதிர்பார்க்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வாசித்தாள்.

வராந்தாவில் கால் சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றியும் ஒரு கால் இழுத்தும்.

“வணக்கம்” என்றார் ஐசக். “நாங்கள் கல்வி கற்க வந்துள்ளோம். எங்களுக்கு இடம் உள்ளதா?”

அவருக்கு யாரையும் தெரியவில்லை. வந்தவர்களில் யாருக்கும் போன வருடம் ஞாபகம் இல்லை. முப்பத்தொரு பேர், இடுப்பில் குழந்தை, கையில் செருப்பு. இந்தத் தடவை ரேஷன் கடை முன்னால் கூட்டம் போட வேண்டியிருக்கவில்லை, சேதி கேட்டுக் காலனிக்காரர்களே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றார்கள், அவரவர் வீட்டு ஆளைக் கூட்டிப்போக. செவ்வந்தி கெசியாவின் மூட்டையை வாங்கிக்கொண்டு, அழுததை மறைக்க வேகமாக முன்னால் நடந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் கெசியா நின்றுவிட்டாள். நீல எழுத்துகளின் மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. பின்னால் வந்துகொண்டிருந்த பூங்காவனத்தைக் கேட்டாள்.

“அம்மையீர், இங்கு என்ன எழுதப்பட்டுள்ளது?”

பூங்காவனம் நிதானமாக, நடக்கிற வேகத்துக்கு, வாசித்துக் காட்டினாள். மகளின் பெயர், ஆறு வயது, இடது புருவத்துத் தழும்பு. கடைசிச் சொல்லை மட்டும், அம்மாவின் பெயரை மட்டும், வாசிக்கவில்லை.

கெசியா சுவரிலிருந்து விரலை எடுத்தாள்.

“என்னைப் போலவே ஒருத்தி இங்கு வந்திருக்கிறாள்” என்றாள். “அவள் தன் மகளைக் கண்டாளா?”

“இன்னும் தேடினுதான்மா இருக்கறா” என்றாள் பூங்காவனம். “வா. ரோட்டப் பாத்துத் தாண்டு.”